ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்களை மனத்தில் நிற்கும்படி கற்பது எப்படி?

கோத்தகிரியில், போட்டித் தேர்வுகளுக்கும் வெளிநாட்டுச் செவிலியர் பணிக்கான மொழித் தேர்வுகளுக்கும் படிக்கும் இளைஞர்களுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தன் பாட்டியைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதி வந்தாள். தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து, மூன்று பிள்ளைகளையும் கல்லூரி வரை படிக்கவைத்த அந்தப் பாட்டியை அவள் ‘ஆப்ஸ்டினேட்’ என்று எழுதியிருந்தாள். மனப்பாடம் செய்த பட்டியலில் அச்சொல்லுக்கு நேராக ‘விடாப்பிடியான’ என்று இருந்ததாம். நியாயத்துக்கும் இறங்கிவராத பிடிவாதத்தைக் குறை சொல்லும் சொல் அது என்று நான் விளக்கியபோது அவள் முகம் வாடிவிட்டது. ‘எங்க பாட்டி பிடிவாதக்காரி இல்லை டீச்சர், வைராக்கியக்காரி’ என்றாள். தமிழில் அந்த வேறுபாட்டை நொடியில் சொல்லத் தெரிந்தவளுக்கு, ஆங்கிலத்தில் அதற்குரிய ‘டெனேஷியஸ்’ என்ற சொல் அதே பட்டியலில் பத்து வரி தள்ளி இருந்தும், இரண்டும் ஒன்றுதான் என்றே தோன்றியிருக்கிறது, ஏனென்றால் அதற்கு நேராகவும் ‘விடாப்பிடியான’ என்றுதான் போட்டிருந்தது.

இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரு தமிழ்ப் பொருள் என்று கோடு போட்டு நோட்டை நிரப்பும் வழக்கத்தை முதலில் கைவிடச் சொல்கிறேன். நானும் கல்லூரி நாள்களில் அப்படி இரண்டு நோட்டுகளை நிரப்பினேன். அவற்றில் இருந்த சொற்களில் எதையும் துணிந்து ஒரு வாக்கியத்தில் வைக்க எனக்கு வரவில்லை. ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வது என்றால், அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும், பாராட்டா பழிப்பா, எழுத்துக்குரியதா பேச்சுக்குரியதா, எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, எப்படி ஒலிக்கும் என்று பலவற்றையும் அறிவதாகும். அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் குறைந்த சொற்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று புதுச் சொற்கள் போதும். வாரத்தில் ஆறு நாள், ஆண்டில் ஐம்பது வாரம் என்று வைத்துக்கொண்டால் அதுவே 900 சொற்கள் ஆகிறது.

எந்தச் சொற்களை எடுப்பது என்பதில்தான் பலர் முதல் தவறைச் செய்கிறார்கள். மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியலில் ஏறத்தாழ 2000 தலைச்சொற்கள் இருந்தன. அன்றாட ஆங்கிலத்தின் பெரும்பகுதி அவற்றுக்குள் அடங்கிவிடும். அந்த 2000ஐ விலக்கிவிட்டு, பல துறைகளின் கல்விசார் நூல்களிலும் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்களை நியூசிலாந்தைச் சேர்ந்த அவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் தொகுத்தார். அதில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. ஓர் அடிச்சொல்லையும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களையும் சேர்த்து ஒரு குடும்பம் என்று எண்ணுகிறார்கள். ‘ரெஸ்ட்ரிக்ட்’, ‘அக்ரிகேட்’ போன்றவை அங்கே வரும். கல்விசார் எழுத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் இந்த 570 குடும்பங்களிலிருந்து வருவதால், இவற்றை முடிக்காமல் பளபளப்பான அரிய சொற்களின் பின்னால் போவது கொழுந்தை விட்டுவிட்டு முற்றிய இலையைப் பறிப்பது போன்றதாகும். அவற்றை முடித்தபின், நீங்கள் படிக்கும் பத்திரிகையிலும் பாடநூலிலும் ஒரு மாதத்துக்குள் இரண்டாம் முறை எதிர்ப்படும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை கண்ட சொல்லை விட்டுவிடலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூத்து மடியும் நீலக்குறிஞ்சி போன்ற செடிகளைக் குறிக்கத் தாவரவியலார் ‘பிலீட்டீசியல்’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். மலைக்காரர்களாகிய நமக்கு அது இனிக்கும். ஆனால் தேர்வுக்கும் பணிக்கும் படிக்கும் ஒருவர் வாழ்நாளில் அதை இன்னொரு முறை சந்திப்பது கடினம். அதே குறிஞ்சியைப் பற்றிய கட்டுரையில் மலைச்சரிவு முழுவதும் கூட்டமாக ஒரே பருவத்தில் பூப்பதைக் குறிக்க வரும் ‘கிரிகேரியஸ்’ என்ற சொல்லோ, மனிதர்களைப் பற்றிய பேச்சிலும் நாள்தோறும் புழங்குவது. அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்கொண்ட சொல்லுக்கு நோட்டில் ஒரு வரி போதாது, அரைப் பக்கம் ஒதுக்குங்கள். மேலே, அச்சொல்லைக் கண்ட வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். அகராதி தரும் வாக்கியத்தைவிட நீங்கள் கண்டெடுத்த வாக்கியம்தான் நினைவில் நிற்கும். அடுத்து, மொழி கற்போருக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் பதிப்பகங்கள் வெளியிடும் அகராதிகளில் ஒன்றைப் பாருங்கள். இவை எளிய சொற்களாலேயே பொருள் விளக்குகின்றன. ஒரு சொல் பழிப்பாக வருவது, எழுத்து வழக்குக்கு மட்டும் உரியது என்ற குறிப்புகளையும் தருகின்றன. ‘ஆப்ஸ்டினேட்’ என்பதன் அருகில் அந்தக் குறிப்பைக் கண்டிருந்தால் என் மாணவிக்கு அந்த வருத்தம் நேர்ந்திருக்காது. ஆங்கில விளக்கத்தைப் படித்து முடித்த பிறகுதான் தமிழ் அகராதிக்கு வர வேண்டும், அதுவும் ஒரே ஒரு தமிழ்ச்சொல்லோடு நின்றுவிடக் கூடாது.

அந்தப் பாட்டியையே எடுத்துக்கொள்வோம். ‘டெனேஷியஸ்’ என்றால் பிடித்ததை விடாதவர். பெரும்பாலும் மதிப்போடு சொல்வது. ‘பெர்சிஸ்டென்ட்’ மனிதரின் விடாமுயற்சிக்கும் வரும், போகவே போகாத இருமலுக்கும் வரும், மூன்று நாளாக விலகாத மூடுபனிக்கும் வரும். அதனால் அது பாராட்டா குறையா என்பதை உடன்வரும் சொல்லே முடிவுசெய்கிறது. ‘அடமன்ட்’ என்பவர் ஒரு குறிப்பிட்ட முடிவில் அசையாமல் நிற்பவர். பழங்கிரேக்கத்தில் அடக்கமுடியாத கடினப் பொருளைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, வைரத்தின் ஆங்கிலப் பெயரும் அங்கிருந்து பிறந்ததுதான். ‘ஆப்ஸ்டினேட்’ முரட்டுப் பிடிவாதம். வைராக்கியம், விடாமுயற்சி, உறுதி, பிடிவாதம் என்று தமிழும் இந்த நிலத்தைப் பல பாத்திகளாகப் பிரித்திருக்கிறது, ஆனால் வரப்புகள் இரு மொழியிலும் ஒரே இடத்தில் ஓடவில்லை. அந்த வரப்புகள் எங்கே விலகுகின்றன என்று எழுதிவைப்பதே இந்த அரைப் பக்கத்தின் பயன். சிக்கனத்துக்கும் கருமித்தனத்துக்கும் இடையே ‘ஃப்ரூகல்’, ‘பார்சிமோனியஸ்’, ‘ஸ்டிஞ்சி’ ஆகியவற்றை இதே போல நீங்களே வைத்துப் பாருங்கள்.

சொற்களின் சேர்க்கை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயர்நிலை ஆங்கிலத்தில் பெரும்பாலான பிழைகள் பொருள் தெரியாததால் வருவதில்லை, சேர்க்கை தெரியாததால் வருகின்றன. நம் மொழியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கொழுந்து பறிக்கிறோம், கீரை ஆய்கிறோம், கிழங்கு தோண்டுகிறோம், கேரட் பிடுங்குகிறோம், நெல் அறுக்கிறோம். கீரையைத் தோண்டினேன் என்று ஒருவர் சொன்னால் இலக்கணம் சரியாக இருந்தும் காது ஏற்பதில்லை. வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, பனி விழுகிறது என்ற வினைகளை நமக்கு யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை. கேட்டுக் கேட்டு வந்தவை. ஆங்கிலத்தில் அப்படிக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் குறைவு என்பதால் எழுதிவைத்துப் பழக வேண்டியிருக்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளைப் போன்ற பேரிடரைப் பற்றிய ஆங்கில அறிக்கை எதையாவது எடுத்துப் பாருங்கள். ‘மிட்டிகேட்’ என்ற சொல் அபாயம், பாதிப்பு, சேதம் ஆகியவற்றோடு வரும்: வரப்போகும் அல்லது வந்துவிட்ட கேட்டின் கடுமையைக் குறைத்தல். ‘அலீவியேட்’ வலி, வறுமை, துயரம் ஆகியவற்றோடு வரும்: அனுபவிப்பவரின் சுமையை இலேசாக்குதல். ‘எக்ஸாசர்பேட்’ ஏற்கெனவே இருக்கும் சிக்கலை மேலும் மோசமாக்குதல். செங்குத்தான சரிவில் மண்ணை வெட்டிக் கட்டடம் எழுப்புவது நிலச்சரிவு அபாயத்தை என்ன செய்கிறது என்று எழுத இச்சொல் வேண்டும். தமிழில் முதல் இரண்டுக்கும் ‘தணித்தல்’ என்றே சொல்லிவிடலாம். ஆனால் ஆங்கிலத்தில் வலிநிவாரணி தலைவலியை ‘மிட்டிகேட்’ செய்தது என்று எழுதினால் செயற்கையாக ஒலிக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதன் தோழமைச் சொற்கள் மூன்றையாவது எழுதுங்கள்.

வேர்களை அறிவது உழைப்பைப் பெரிதும் மிச்சப்படுத்தும். மேலே சொன்ன ‘கிரிகேரியஸ்’ இலத்தீனில் மந்தை என்று பொருள்படும் ‘கிரெக்ஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. மந்தையோடு இருக்க விரும்புபவர் என்பதால் கலகலப்பாகப் பழகுபவர் என்ற பொருள் வந்தது. அதே வேரில் ‘காங்கிரிகேட்’ என்றால் ஒன்றுகூடுதல். ‘செக்ரிகேட்’ என்றால் மந்தையிலிருந்து பிரித்தல். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தரம்பிரிக்கச் சொல்லும் ஆங்கிலப் பலகைகளில் இதைத்தான் காண்கிறீர்கள். ‘அக்ரிகேட்’ என்றால் ஒன்றுசேர்த்த மொத்தம், மதிப்பெண் பட்டியலால் எல்லோருக்கும் பழகியது. இவற்றோடு ‘இக்ரீஜியஸ்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மந்தையிலிருந்து விலகித் தனித்துத் தெரிவது என்பதே அதன் அடிப்படை. முற்காலத்தில் அது சிறப்பைக் குறித்தது, இன்று கண்ணை உறுத்தும் அளவுக்கு மோசமான பிழையையோ அநீதியையோ மட்டும் குறிக்கிறது. நமக்கு இது புதிய செய்தி அல்ல. சங்கப் பாடல்களில் நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ என்ற சொல்லுக்கு இன்று நேர்ந்திருப்பதும் இதுவே. தமிழில் நிகழ்ந்ததை நினைத்துக்கொண்டால் ஆங்கிலத்தில் நிகழ்ந்தது மறக்காது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் நம் மலை ரயில் இன்னொரு வேரைக் கற்றுத்தருகிறது. கல்லாறு தாண்டியதும் ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்கு ஏற்றம் இருப்பதால்தான் அங்கே பல்சக்கரம் கடித்து ஏறும் தண்டவாளம் தேவைப்படுகிறது. இந்த ஏற்ற அளவின் ஆங்கிலப் பெயர் ‘கிரேடியன்ட்’. அதன் வேர், படி அல்லது காலடி என்று பொருள்படும் ‘கிராடுஸ்’. படிப்படியாக நிகழ்வது ‘கிராஜுவல்’, படிப்பின் ஒரு படியைக் கடந்தவர் ‘கிராஜுவேட்’, படியிறக்குவது ‘டிகிரேட்’, பின்னோக்கி அடிவைப்பது ‘ரெட்ரோகிரேட்’. தேயிலைத் தூளைச் சலித்துத் தரம்பிரிக்கும் ‘கிரேடிங்’ இதே வீட்டுப் பிள்ளை. தேயிலையை விட்டுப் போகாமல் இன்னொன்று: பச்சைக் கொழுந்தை மென்றால் நாக்கையும் கன்னத்தையும் இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பை ஆங்கிலத்தில் ‘அஸ்ட்ரின்ஜென்ட்’ என்பார்கள். இறுக்கிக் கட்டு என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது அது. விதிகள் இறுக்கமாக இருந்தால் ‘ஸ்ட்ரின்ஜென்ட்’, வரம்புக்குள் கட்டினால் ‘ரெஸ்ட்ரிக்ட்’, குழாயோ இரத்தநாளமோ இறுகிச் சுருங்கினால் ‘கன்ஸ்ட்ரிக்ட்’. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்த நமக்கு இந்தக் குடும்பம் ஆங்கிலேயரைவிட எளிதில் பிடிபட வேண்டும்.

ஆனால் வேரை மட்டும் நம்பி ஒரு சொல்லின் பொருளை ஊகித்து எழுதிவிடாதீர்கள். மலைப்பாதையில் நமக்கு முன்னால் மெல்ல ஏறும் எரிபொருள் லாரியின் பின்புறத்தில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். முன்னொட்டைப் பார்த்து, தீப்பற்றாதது என்று நினைத்தால் பெரும் தவறு. ‘ஃப்ளேமபிள்’, ‘இன்ஃப்ளேமபிள்’ இரண்டும் எளிதில் தீப்பற்றக்கூடியது என்றே பொருள்படும். ‘இன்வேல்யுவபிள்’ மதிப்பற்றது அல்ல, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. வேர் நினைவுக்கு உதவும், தீர்ப்பு அகராதியுடையது.

நன்கு தெரிந்ததாக நாம் நினைக்கும் சொற்களின் இரண்டாம் பொருள்களே, என் அனுபவத்தில், வாசிப்பில் அதிகம் இடறச் செய்கின்றன. வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ‘என்டெமிக்’ என்றால் வேறெங்கும் இயற்கையாக வாழாதது என்று பொருள்; ஒரு நோய் ஒரு பகுதியில் ‘என்டெமிக்’ என்றால் அங்கே நிலையாகத் தங்கிவிட்டது என்று பொருள், வேறெங்கும் இல்லை என்பதல்ல. சுற்றுலா விளம்பரத்தில் ‘எக்ஸாட்டிக்’ என்பது கவர்ச்சியைச் சொல்கிறது, வனத்துறை அறிக்கையில் அதே சொல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் அயல் மரங்கள் என்று வகைப்படுத்துகிறது. ‘ஆர்த்தடாக்ஸ்’ மனிதர் பழமையான கொள்கையில் நிற்பவர், ‘ஆர்த்தடாக்ஸ்’ தேயிலை மரபான முறையில் உருட்டித் தயாரித்தது. வானிலை அறிக்கையில் மழையையும் பனிப்பொழிவையும் சேர்த்துக் குறிக்கும் ‘பிரெசிபிட்டேஷன்’, கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலிருந்து பார்க்கும் செங்குத்துச் சரிவைக் குறிக்கும் ‘பிரெசிபிட்டஸ்’, அவசரமாக எடுத்த முடிவைக் குறிக்கும் ‘பிரெசிபிட்டேட்’ ஆகிய மூன்றும், தலை முன்னே செல்ல விழுவது என்ற ஒரே கருத்திலிருந்து பிறந்தவை. தலைகுப்புற விழுதல், தலைதெறிக்க ஓடுதல் என்ற நம் வழக்குகளை அருகில் எழுதிவைத்துக்கொண்டால் மூன்றும் ஒன்றாக நிற்கும்.

ஒலிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுத்தைப் பார்த்து ஊகிக்காமல், இணைய அகராதியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேட்டு, மூன்று முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். சாலையில் சரிந்து கிடக்கும் இடிபாடுகளைக் குறிக்கும் ‘டெப்ரீ’ எழுத்தில் எஸ் என்று முடியும், ஒலியில் அது இல்லை. ‘இபிட்டமி’ நான்கு அசையுள்ளது, ‘எபிடோம்’ அல்ல. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையிலும் ‘ஃபடாகிரஃபி’ என்பதில் இரண்டாம் அசையிலும் விழும். தமிழில் சொல்லழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் இதில் நாம் கூடுதலாகக் கவனம் செலுத்த வேண்டும்.

இனி, கற்றது தங்குவதற்கு என்ன செய்வது? ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது, பிறகு அதன் வேகம் குறைகிறது என்பது அதில் தெரிந்தது. எனவே ஒரே இரவில் பத்து முறை படிப்பதைவிட, மறக்கப்போகும் தறுவாயில் இடைவெளி விட்டுவிட்டு நினைவுகூர்வதே பலன் தரும். இதற்காக செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறையைத்தான் என் வகுப்பில் பயன்படுத்துகிறோம். பழைய திருமணப் பத்திரிகைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் சொல்லை எழுதாதீர்கள். அச்சொல் வர வேண்டிய இடத்தைக் கோடிட்டுவிட்டு வாக்கியத்தை எழுதுங்கள். மறுபக்கத்தில் சொல், அதன் தோழமைச் சொற்கள், தமிழ்க் குறிப்பு. கண்டால் அடையாளம் தெரிவதும், தேவைப்படும்போது தானாக நாவுக்கு வருவதும் வேறு வேறு. கோடிட்ட வாக்கியம் இரண்டாவதைப் பழக்குகிறது. ஒரு பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்து, முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்தாவதை மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறியது எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். இதே வேலையை ‘ஆங்கி’ என்ற செயலி கைபேசியில் செய்துவிடும், இணையம் இல்லாமலும் இயங்கும். ஆனாலும் வடகிழக்குப் பருவமழையில் இரண்டு நாள் மின்சாரம் போய்க் கைபேசியும் அணைந்துவிடும் ஊர்களில் அட்டைப்பெட்டிக்கு ஈடில்லை. கையால் எழுதும்போது எழுத்துக்கூட்டலும் சேர்ந்து பதிகிறது.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிறு, புதிதாக எதையும் கற்காமல் எழுதுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்துச் சொற்களில் நான்கைந்தை மட்டும் எடுத்து, உங்களுக்கு உண்மையாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி, பச்சைத் தேயிலை விலையையோ காட்டெருமை ஊருக்குள் வந்ததையோ பற்றி, ஒரு பத்தி எழுதுங்கள். ‘ஸ்டார்ட்’ போதுமான இடத்தில் ‘கமென்ஸ்’ என்றும் ‘யூஸ்’ போதுமான இடத்தில் ‘யூட்டிலைஸ்’ என்றும் போடுவது உயர்நிலை ஆங்கிலம் அல்ல. தேர்வாளர்கள் அதற்கு மதிப்பெண் தருவதுமில்லை. எளிய சொல்லால் சொல்ல முடியாத ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் அரிய சொல் வர வேண்டும். எழுதியதை இருவராகச் சேர்ந்து சத்தமாகப் படித்துத் திருத்துங்கள். என் மாணவி பாட்டியைப் பற்றிய கட்டுரையை மறுபடி எழுதியபோது புதுச்சொற்களில் ‘டெனேஷியஸ்’ ஒன்றையே வைத்திருந்தாள், அது இருக்க வேண்டிய வாக்கியத்தில் இருந்தது.

சில சொற்கள் எத்தனை முறை முயன்றாலும் முதல் அறையை விட்டு நகராது. ஐந்து முறை தவறிய அட்டையைத் தனி உறையில் போட்டு ஒதுக்கிவையுங்கள். அதனோடு மல்லுக்கு நின்று மற்ற சொற்களின் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். என்றாவது அச்சொல் செய்தித்தாளில் எதிர்ப்பட்டால், அந்தப் புதிய வாக்கியத்தோடு புதிய அட்டை ஒன்றை எழுதி மறுபடி முதல் அறையில் வைக்கலாம்.